மூன்று அக்டோபர் முப்பதுகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இலங்கையில் தமிழ் பேசும் மக்களின் வீட்டுக் கதவை அக்டோபர் 30 என்ற தேதி மூன்று முறை தட்டியிருக்கிறது. 1964இல் மலையகத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளில். 1990இல் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில். 1995இல் யாழ்ப்பாண நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள வலிகாமம் முழுவதிலும். தட்டிய கைகள் மூன்று முறையும் ஒன்றல்ல, வெளியேறிய மக்கள் வேறு, சொல்லப்பட்ட காரணங்களும் வேறு. அந்த மூன்று நாட்களிலும் ஒருவரும் கேட்காத கேள்வி மட்டும் ஒன்றுதான்: உன்னோடு யார் வருகிறார்கள்?

மக்களைப் பெயர்த்தவர்கள் தலையை எண்ணினார்கள், ரூபாயை எண்ணினார்கள், மணி நேரத்தை எண்ணினார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பதை எண்ணவில்லை. அந்த எண்ணாத கணக்கைத்தான் இந்தச் சொற்பொழிவு எடுத்துக்கொள்கிறது.

முதல் தேதி மலையகத்துடையது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் புது டெல்லியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் நாடற்றவர்களாக இருப்பதாகக் கணக்கு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை அந்த நிலையில் விட்டுப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. 1974இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மீதியையும் 75,000 வீதம் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத்து மக்களை யாரும் கேட்கவில்லை.

அந்த உடன்பாட்டில் சொத்தைப் பற்றித் தெளிவான பிரிவு ஒன்று உண்டு. நாட்டைவிட்டுப் போகிறவர்கள் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தங்கள் சொத்தைக் கொண்டுபோகலாம். ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய தொகையின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கமாட்டோம் என்று இலங்கை அரசு உறுதி கொடுத்தது. தேவையான பிரிவுதான். தேயிலைக் கொழுந்து பறித்துச் சேர்த்த காசு அது. ஆனால் தாய் இந்தியாவுக்கும் மகள் இலங்கைக்கும் என்று பிரிய நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் பிரிவு இல்லை.

இப்படி நேர்வது அபூர்வமாகவும் இருக்கவில்லை. இந்தியக் கடவுச்சீட்டுக்கு மனுப்போட்டவர்களுக்குக் கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகம் ஒரு குடும்ப அட்டையைக் கொடுத்தது. கணவன், மனைவி, வயது வராத பிள்ளைகள் ஆகியோர் பெயர்கள் அதில் இருக்கும். வயது வந்த மகனுக்குத் தனி மனு, கட்டிக்கொடுத்த மகளுக்கு அவள் புகுந்த வீட்டு மனு. ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்த அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு நாட்டுக்கு எழுதிப் போட்டார்கள். ஒருவருக்கு 1968இல் முடிவு வந்தது, இன்னொருவருக்கு 1977இல் வந்தது என்பது போன்ற இடைவெளிகள் சாதாரணம். அட்டையில் பெயர் இருந்தால் குடும்பம், இல்லாவிட்டால் வழியனுப்ப வந்தவர். பாட்டியும் அத்தையும் மாமனும் இல்லாமல் ஒரு பிள்ளை வளர்ந்ததே இல்லாத லயத்து வாழ்க்கைக்கு, அலுவலகத்து அட்டை போட்ட அளவு அது.

வழியனுப்பிய இடம் ரயில் நிலையம். மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். பதுளையிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் நாவலப்பிட்டியிலிருந்தும் கீழிறங்கி, பொல்காவலையில் வடக்கு நோக்கித் திரும்பி, அனுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார் போகும் பயணம். அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. இந்தப் பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஒப்பாரி என்பது சாவு வீட்டுக்கு உரியது. உயிரோடு இருப்பவர்களை ரயிலேற்றிவிட்டு அதற்கு ஒப்பாரி என்று பெயர் வைக்க ஒரு மக்கள் கூட்டம் துணிந்தது என்றால், அந்தப் பிரிவு என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திரும்பி வருவதற்கு விசா வேண்டும், விசாவுக்குப் பணம் வேண்டும். கையில் இருந்ததோ தோட்டத்துக் கணக்கு முடித்த காசு. ஒருவர் சாவுக்கு இன்னொருவர் போக முடியாது என்பதை மேடையில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் அறிந்திருந்தார்கள்.

தலைமன்னார்த் துறையில் சுங்கக்காரர்கள் மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். பிறகு கப்பல். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால் பயணம் ராமேஸ்வரத்தில் முடிந்தது. பிற்காலத்தில் இந்த வழியில் ஓடிய ‘இராமானுஜம்’ கப்பலின் பெயரை அந்தத் தலைமுறை இன்னும் மறக்கவில்லை. இறங்கியதும் மண்டபம் முகாம். தோட்ட வேலைக்கு இலங்கை போனவர்களை ஒரு காலத்தில் நிறுத்தி, மருத்துவச் சோதனை செய்து அனுப்பிய அதே இடம். பாட்டன் போன வாசல் வழியாகப் பேரன் திரும்பி வந்தான். போர் மூண்டு 1984இல் கப்பல் நிற்கும்வரை இப்படி வந்து சேர்ந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல்.

இந்திய அரசு அவர்களைக் கைவிட்டது என்று சொன்னால் அது நியாயமாகாது. நீலகிரியிலும் வால்பாறையிலும் அவர்களுக்கென்றே தேயிலை நட்டு வளர்த்தார்கள். 1968இல் தொடங்கிய அந்த முயற்சிதான் பின்னாளில் டான்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. கேரளத்தில் புனலூரிலும் கர்நாடகத்தில் சுள்ளியாவிலும் ரப்பர்த் தோட்டங்கள், ஆந்திரத்தில் நூற்பாலைகள். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்களுக்காக 1969இல் ரெப்கோ வங்கி தொடங்கப்பட்டது. தோட்டத்தில் இடம் கிடைக்காத குடும்பங்களுக்குச் சமவெளி மாவட்டங்களில் சிறுவணிகம் செய்யக் கடன் கொடுத்தார்கள்.

இந்தக் கடன் திட்டத்துக்கு நேர்ந்ததுதான் இந்தச் சொற்பொழிவின் நடுவில் இருக்கும் செய்தி. மளிகைக் கடை வைத்துப் பழக்கமே இல்லாத ஒரு தோட்டத் தொழிலாளியை, முன்பின் தெரியாத ஓர் ஊரில், அவர் முகம் அறியாத மக்களுக்கு நடுவில் கடை போட்டு உட்காரச் சொன்னார்கள். கடனுக்குச் சரக்குக் கேட்பவர் யார், திருப்பித் தருபவர் யார் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. பலரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, கொடைக்கானல் மலைகளுக்குப் போனார்கள். மலைக் குளிரும் தேயிலையும் தெரிந்த வேலையும் இழுத்தன, உண்மை. கூடவே, தலவாக்கலையில் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர் கூடலூரில் இருக்கிறார் என்ற செய்தியும் இழுத்தது. அரசு கொடுத்த இடத்தையும் கடனையும் விட்டுவிட்டு, கூலி வேலையும் குடிசையும்தான் கிடைக்கும் என்று தெரிந்தே, ஆள் இருக்கும் இடத்தைத் தேடிப் போனார்கள். புறம்போக்கில் குடிசை போட்டார்கள். காட்டு வேலைக்குப் போய்க் கொத்தடிமைத்தனத்தில் சிக்கியவர்களும் உண்டு. ‘சிலோன்காரர்’ என்ற பெயரோடு அவர்கள் அங்கே வேரூன்றியது, ஓர் அலுவலகம் போட்ட திட்டத்தை மனிதர்கள் தங்கள் கால்களால் திருத்தி எழுதிய கதை.

இரண்டாவது தேதியைப் பற்றிப் பேசுவது தமிழர்களுக்கு எளிதல்ல. பேசியாக வேண்டும்.

1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஒலிபெருக்கி மூலம் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஆணையிட்டார்கள். அனுமதித்தது மாற்று உடையும் சொற்பப் பணமும். சோதனைச் சாவடியில் நகைகளைக் கழற்றி வாங்கினார்கள். காதுத் தோட்டையும் விடவில்லை என்று வெளியேற்றப்பட்டவர்கள் பின்னாளில் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி முஸ்லிம்களும் அதே மாதத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வடமாகாணம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தின் தையல் கடைகளும் இரும்புக் கடைகளும் ஒரே நாளில் ஆளற்றுப் போயின.

இழந்த சொத்துக்குக் கணக்கு எழுதலாம். இந்த வெளியேற்றத்தைப் பற்றி ஆராய்ந்த மக்கள் ஆணைக்குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை கடைகளையும் வீடுகளையும் தாண்டி, அறுந்துபோன அயல் உறவைப் பற்றியும் பேசுகிறது. ஒரே மொழி, ஒரே சந்தை, ஒரே சாப்பாட்டு ருசி. பெருநாளுக்கும் பொங்கலுக்கும் பலகாரம் வேலி தாண்டிப் போய்வந்த வீடுகள். அயலில் இருந்த தமிழர்கள் பலர் அன்று அழுதார்கள், துப்பாக்கிக்கு அஞ்சிப் பேசாமல் நின்றார்கள். அழுகையும் மௌனமும் இரண்டும் உண்மை. அழுகை ஆறுதலாக இருந்திருக்கும். மௌனம் இன்றுவரை கேள்வியாக நிற்கிறது. உறவைப் பொருளுக்கு மேலாக வைக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. சொந்தம் என்று சொல்லிக்கொண்டவர்கள் தடுக்காத வெளியேற்றம் இது.

வெளியேற்றப்பட்டவர்கள் பலர் போய்ச் சேர்ந்த புத்தளத்தில் முதலில் கதவுகள் திறந்தன. பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் வீடுகளும் இடம் கொடுத்தன. ஆண்டுகள் ஓட ஓட, தண்ணீருக்கும் வேலைக்கும் பள்ளி இடத்துக்கும் நெருக்கடி வந்தபோது உள்ளூர்க்காரர் என்றும் அகதி என்றும் கோடு விழுந்தது. விருந்தோம்பல் பெரிய பண்புதான். அது பத்து நாளைக்கு ஒரு மாதிரி, இருபது ஆண்டுக்கு வேறு மாதிரி. தாங்கிப் பிடிக்கும் அயலவரையும் யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டும்.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே தேதி.

1995 அக்டோபர் 17இல் இலங்கை ராணுவம் ‘ரிவிரெச’ என்ற படைநடவடிக்கையைத் தொடங்கி யாழ்ப்பாண நகரை நோக்கி நகர்ந்தது. 30ஆம் தேதி மாலை, வலிகாமத்து மக்கள் எல்லோரும் உடனே குடாநாட்டின் மற்றப் பகுதிகளான தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் போய்விட வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தென்மராட்சிக்குப் போக முக்கியமான வழிகள் இரண்டுதான்: செம்மணி வழியாக நாவற்குழிப் பாலம், கோப்பாய் வழியாகக் கைதடிப் பாலம். அந்த இரண்டு ஒடுங்கிய வழிகளில் நான்கைந்து லட்சம் பேர் இறங்கினார்கள். இரவு. மழை. சைக்கிள் கரியரில் உரப்பை, உரப்பைக்கு மேலே பிள்ளை. உருட்ட முடிந்ததே தவிர ஓட்ட முடியவில்லை. சாதாரண நாளில் பேருந்து அரை மணி நேரத்தில் கடக்கும் சாவகச்சேரிப் பாதையில் மக்கள் விடிய விடிய நின்று நின்று நகர்ந்தார்கள். வழியிலேயே பிள்ளை பெற்றவர்கள், வழியிலேயே இறந்தவர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் இன்றும் வெறுமனே ‘இடப்பெயர்வு’ என்றால் இந்த இரவுதான்.

அந்த இரவைப் பற்றி எழுதியவர்களும் பேசியவர்களும் விட்டுவந்த தையல் மெஷினைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். கூட்டத்தில் கைதவறிப்போன பிள்ளையைப் பற்றியும், வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்ட தகப்பனைப் பற்றியும் சொல்லும்போது குரல் மாறுகிறது. மூட்டை கனத்தபோது முதலில் கீழே இறங்கியது பாத்திரம். முதியவர்களைச் சைக்கிளில் உட்காரவைத்து உருட்டியவர்கள், அந்த இடத்தைப் பிடித்திருந்த சாமானை வேலியோரம் வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் யோசித்து எடுத்த முடிவல்ல அது. கை தானாகச் செய்தது.

போய்ச் சேர்ந்த இடம் என்ன ஆயிற்று? சாவகச்சேரியிலும் கொடிகாமத்திலும் நான்கு பேர் இருந்த வீட்டில் நாற்பது பேர் தங்கினார்கள். கோயில் மண்டபம், தேவாலயம், பள்ளிக்கூடம், மாட்டுக் கொட்டில் எல்லாம் நிரம்பின. கிணறுகள் அடிமண் தெரிய வற்றின. உறவினர் வீட்டுக்குப் போனவர்கள் பலர். முன்பின் தெரியாத வீட்டுத் திண்ணையில் இடம் கேட்டு உள்ளே சேர்க்கப்பட்டவர்களும் பலர். 1996 ஏப்ரலில் தென்மராட்சியையும் ராணுவம் கைப்பற்றிய பிறகு பெரும்பாலோர் வலிகாமத்துக்குத் திரும்பினார்கள். வேறு பலர் கிளாலிக் கடலேரி தாண்டி வன்னிக்குப் போனார்கள். அவர்களுக்குப் பெயர்வுகள் மேலும் தொடர்ந்தன.

இந்தக் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. சரித்திரம் அதிகமாகக் கவனிக்காத திருப்பம். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவுப் படைமுகாம் புலிகளிடம் வீழ்ந்தது. சண்டை தென்மராட்சிக்குள் வந்தது. சாவகச்சேரி இடிபாடாயிற்று. இப்போது ஓட வேண்டியவர்கள் தென்மராட்சி மக்கள். அவர்கள் ஓடிய திசை வலிகாமமும் வடமராட்சியும். ஐந்து ஆண்டுக்கு முன் திண்ணை கொடுத்தவர்கள், திண்ணை கேட்டு வந்தார்கள். அந்த நாட்களில் 1995இல் கொடுத்த இடம்தான் செல்லுபடியாகும் சேமிப்பாக இருந்தது.

பொருளே வேண்டாம், உறவு போதும் என்று இங்கே சொல்லப்படுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படிச் சொல்ல வீட்டோடு இருப்பவருக்கு உரிமை இல்லை. யாழ்ப்பாணத்தில் காணி உறுதியை, அதாவது நிலப் பத்திரத்தை, பெட்டியின் அடியில் வைத்துப் பெயர்வு தோறும் சுமந்தவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். உறுதி தொலைந்தவர்கள் தங்கள் வளவு தங்களுடையது என்று நிரூபிக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்கள். தவிர, அந்தச் சமூகத்தில் நிலம் வெறும் நிலமும் அல்ல. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமைச் சட்டப்படி சீதனக் காணி தாய் வழியாக மகளுக்குப் போகும். ஒரு வளவைச் சொன்னால் நாலு தலைமுறைப் பெண்களின் பெயர் வரும். அங்கே காணியைப் பறிப்பது ஒரு தாய்வழியை அறுப்பது. உடைமைக்கும் உறவுக்கும் நடுவில் கத்தியால் கோடு கிழிக்க முடியாது. எந்தப் பொருளை மனிதர்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்த்தால், அநேகமாக அதன் மறுமுனையில் ஒரு மனிதர் இருப்பார்.

இடம்பெயர்க்கப்படுகிறவர்களை எப்படிக் குடியேற்றுவது என்ற கேள்விக்கு அனுபவமும் ஆராய்ச்சியும் ஏற்கெனவே விடை சொல்லியிருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் குழந்தைகள் காப்பகங்களை நடத்திய அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்காமும், குண்டு விழுந்த தெருவில் தாயோடு இருந்த குழந்தையைவிடப் பத்திரமான கிராமத்துக்குத் தனியாக அனுப்பப்பட்ட குழந்தை அதிகமாகக் கலங்கியதைப் பதிவு செய்தார்கள்.

ஜப்பான் இதைப் பெரியவர்கள் விஷயத்தில் கற்றுக்கொண்டது. 1995 ஜனவரி 17இல் கோபே நகரைப் பூகம்பம் தாக்கியது. 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். முதியோருக்கும் உடல் நலிந்தோருக்கும் முன்னுரிமை கொடுத்து, குலுக்கல் முறையில் தற்காலிக வீடுகள் ஒதுக்கினார்கள். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். விளைவு, ஒரே சந்தில் ஐம்பது ஆண்டு வாழ்ந்த கிழவிகள் நகரத்தின் வெவ்வேறு மூலைகளில் யாரையும் தெரியாத வீடுகளில் தனித்துப்போனார்கள். கூரை இருந்தது, அரிசி இருந்தது, கதவைத் தட்ட ஆள் இல்லை. இறந்து நாட்கள் கழிந்தபின் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் உட்பட, தற்காலிக வீடுகளில் தனியாகச் செத்தவர்கள் இருநூறு பேருக்கும் மேல். 2004 அக்டோபரில் நீகாட்டாப் பகுதியில் பூகம்பம் வந்து யமகோஷி என்ற மலைக்கிராமம் முழுவதும் வெளியேற நேர்ந்தபோது, பழைய பிழையைத் திருத்தினார்கள். குலுக்கல் இல்லை. ஒவ்வொரு குக்கிராமத்தையும் அப்படியே பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடிவைத்தார்கள். பின்னர் ஊருக்குத் திரும்பியபோதும் கூட்டமாகவே பலர் திரும்பினார்கள்.

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்காக ஐக்கிய நாடுகள் அவையில் 1998இல் முன்வைக்கப்பட்ட வழிகாட்டும் நெறிகள் முப்பது. அவற்றில் 17ஆவது, குடும்பம் பிரிக்கப்படாதிருக்கும் உரிமை. சொத்தைக் காக்கும் உரிமை 21ஆவது. அந்த வரிசை தற்செயலாகவே அமைந்திருக்கலாம். என்றாலும் வீட்டு மனையையும் காசோலையையும் மட்டும் மறுவாழ்வு என்று நினைக்கும் அலுவலகங்கள் 17ஐப் படித்துவிட்டு 21க்கு வர வேண்டும்.

இது கடந்துபோன கதை என்று நினைத்துவிட வேண்டாம். டான்டீ தோட்டங்களில் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கத் தமிழ்நாடு அரசு 2022இல் முடிவு செய்தது. பணி ஓய்வு பெற்றவர்கள் குடியிருப்புகளைக் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சு நீலகிரியில் எழுந்தது. ஒப்பாரிக் கோச்சியில் பிள்ளைகளாக வந்தவர்கள் இப்போது அந்த ஓய்வூதியக்காரர்கள். கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையை நைந்துபோன பிளாஸ்டிக் உறையில் இன்னும் பத்திரமாக வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு மாற்று வீடு கொடுப்பதாக இருந்தால், அந்த வீடு நல்ல வீடாக, பட்டாவோடு இருக்க வேண்டும். ஒதுக்கும்போது குலுக்கல் வேண்டாம். லயத்தில் யார் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், அதே வரிசையில் சாவியைக் கொடுங்கள். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகாது.